கோவளத்தில் ஒரு டிரையத்லான்: சித்திரைப் புழுக்கத்தில் எழுதிய நாட்குறிப்பு

வியாழன்

சேரன் எக்ஸ்பிரஸ் சென்ட்ரலுக்கு வந்து சேர்ந்து, ஏசி பெட்டியிலிருந்து நடைமேடையில் கால் வைத்ததுமே என் மூக்குக்கண்ணாடி முழுவதும் நீர் பூத்துவிட்டது. எதிரே நின்ற போர்ட்டரின் சிவப்புச் சட்டை மட்டும் ஒரு திட்டாகத் தெரிந்தது. கோவையில் இந்த மாதத்தில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. அங்கே வெயில் சுள்ளென்று அடித்தாலும் காற்று உலர்ந்திருக்கும். இங்கே விடிந்து வெகுநேரம் ஆகவில்லை, வெயில் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை, ஆனாலும் காற்றில் அவ்வளவு ஈரம். ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் நடக்கும் டிரையத்லானில் என் உடம்பு எதனோடு மல்லுக்கட்டப் போகிறது என்பது சக்கரங்களைக் கழற்றிக் கட்டிய சைக்கிள் பையை வாடகைக் காரில் ஏற்றுவதற்குள்ளாகவே விளங்கிவிட்டது.

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் பந்தயம். நான் பதிவு செய்திருப்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட பிரிவு. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது இதே தூரங்கள்தான் இருந்தன என்பதால் இதை ஒலிம்பிக் தூரம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். விடியற்காலையில் ரேஸ்கோர்ஸ் சாலையில் ஓடுவதும், விடுமுறை நாட்களில் சிறுவாணி சாலையில் சைக்கிள் மிதிப்பதும், பள்ளி விட்ட பிறகு நீச்சல் குளத்துக்குப் போவதும்தான் என் பயிற்சி. பதக்கம் வாங்கும் வேகம் எனக்குக் கிடையாது. ஆனால் இந்த விளையாட்டை மனதாரச் செய்கிறேன்.

திருவான்மியூரில் பெரியம்மா வீட்டில் தங்கியிருக்கிறேன். மதியம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வியர்வை ஆவியாகி உடம்பு எந்த அளவுக்குக் குளிர முடியும் என்பதை இந்த அளவைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். கோவையில் 36 டிகிரி வெயிலும் 25 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஒரு பிற்பகலில் இது ஏறக்குறைய 21 அல்லது 22 டிகிரிதான் வரும். சென்னையில் 27 டிகிரியும் 90 சதவீத ஈரப்பதமும் இருக்கும் விடியற்காலையில் அதுவே 25 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. இதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. அதே சென்னையில் காலை 9 மணிக்கு வெப்பம் 33 டிகிரிக்கு ஏறி, ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு இறங்கினாலும், ஈரக்குமிழ் அளவு ஒரு டிகிரி அளவுக்குத்தான் கூடுகிறது. அப்படியென்றால் பந்தயத்தை விடியற்காலையில் வைப்பதால் நாம் தப்பிப்பது சூரியனிடமிருந்து மட்டுமே. காற்றிலுள்ள ஈரம் காலை 6 மணிக்கும் அப்படியேதான் இருக்கும். கடற்கரையோரப் பந்தயத்துக்கு வருகிறவர்கள் இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

வெள்ளி

காலை 6 மணிக்குத் திருவான்மியூர் கடற்கரையை ஒட்டிய சாலையில் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடினேன். நான் எவ்வளவு வியர்க்கிறேன் என்று அளப்பதற்கான ஓட்டம் அது. கிளம்புவதற்கு முன் பெரியம்மா வீட்டு எடைக்கருவியில் 58.4 கிலோ இருந்தேன். திரும்பி வந்து, உடம்பை நன்றாகத் துடைத்துவிட்டு ஏறியபோது 57.3. நடுவில் 300 மில்லி தண்ணீர் குடித்திருந்தேன். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று கொள்ளலாம் என்பதால், மொத்தம் 1.4 லிட்டர் வியர்வை. அதுவும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்.

ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் அது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்லும். ஆனால் ஆவியானால்தான் அந்தக் கணக்கு. இன்று காலை என் முழங்கையிலிருந்து அது சொட்டுச் சொட்டாகத் தார்ச்சாலையில் விழுந்துகொண்டிருந்தது. காலுறை நனைந்து ஷூவுக்குள் சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. அப்படிச் சொட்டிய ஒவ்வொரு துளியும் உடம்பைக் குளிர வைக்காமலேயே வீணாய்ப் போனது. உழைக்கும் தசையில் எரியும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அசைவுக்குப் பயன்படுவதில்லை, மீதி அத்தனையும் வெப்பம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கும்போது வேகத்தைக் குறைப்பதைத் தவிர உடம்புக்கு வேறு வழி கிடையாது என்பது புரியும்.

இந்தப் பந்தயத்துக்காகக் கோவையிலேயே சில வாரங்களாக உடம்பைப் பழக்கி வந்தேன். ஓட்டம் முடிந்த சூட்டோடு வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு மூழ்கி உட்கார்வேன், உச்சிவெயிலில் மெதுவாகச் சைக்கிள் மிதிப்பேன். தொடர்ந்து பத்துப் பதினான்கு நாட்கள் இப்படி உடம்பைச் சூடாக்கினால், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பின் அளவும் குறைகிறது. பந்தயத்துக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னதாக வந்து இறங்கினால் மட்டும் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த அவகாசம் உடம்புக்குப் போதாது.

"இத்தன வேர்வ போனா உடம்புல என்ன கண்ணு மிச்சம் இருக்கும்?" என்று கேட்டபடியே பெரியம்மா உப்பு தூக்கலாகப் போட்ட நீர்மோரை நீட்டினார்கள். அவர்கள் கேட்டது சரியான கேள்வி. போகும் நீர் அத்தனையையும் ஓடிக்கொண்டே குடித்து ஈடுகட்ட வயிறு இடம் தராது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துபோய் அதுவே உயிருக்கு ஆபத்தாக முடியும். ஆகவே தெருமுனை மருந்துக்கடையில் ஓஆர்எஸ் பொட்டலங்கள் வாங்கி வந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் அதில் இருக்கின்றன. அதிக விலைக்கு விற்கும் விளையாட்டுப் பானங்கள் பலவற்றைவிட இதில் சோடியம் அதிகம். எனக்கு இது ஒத்துக்கொள்கிறது.

சனி

காலையில் கோவளம் போனோம். தர்காவையும் கார்மேல் மாதா தேவாலயத்தையும் தாண்டிக் கடற்கரையில் இறங்கியபோது, பதிவு செய்தவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தார்கள். குளத்தில் மட்டுமே நீந்திப் பழகிய எனக்குக் கடல்தான் பெரிய கவலையாக இருந்தது. நாளை நீச்சல்காரர்களுக்குக் காவலாகத் தன் ஃபைபர் படகைக் கொண்டுவரப் போகும் மீனவர் ஒருவர் வலையை உதறிக்கொண்டு நின்றார். "அண்ணா, நீரோட்டம் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"தெண்டிதான் ஓடுதும்மா. தெக்கேருந்து வடக்க இழுக்கும். நேரா அந்த மிதவையப் பாத்து நீந்துனா அதுக்கு வடக்கால போய் நிப்ப. கொஞ்சம் தெக்க பாத்தே நீந்து" என்றார். கார்த்திகை, மார்கழியில் வடக்கிலிருந்து வன்னி என்ற நீரோட்டம் ஓடும்போது இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, வடக்கு நோக்கி நகரும் மணல் அதன் தெற்குப் பக்கத்தில் தேங்கித்தான் மெரினா இவ்வளவு அகன்றது என்று படித்திருக்கிறேன். அதே ஓட்டத்தைத் தோளில் உணர்ந்தது இன்றுதான். அவர் சொன்னபடி மிதவைக்குக் கொஞ்சம் தெற்கே குறிவைத்து நீந்திப் பார்த்தேன். மிதவைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன்.

தண்ணீர் 29 டிகிரி இருந்தது. இத்தனை வெதுவெதுப்பான நீரில் நீந்தினால் வியர்வை ஆவியாகவும் இடமில்லை, நீர் உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்வதும் குறைவு. உலக டிரையத்லான் அமைப்பின் விதிகளின்படி, எங்களைப் போன்ற வயதுப்பிரிவுப் போட்டியாளர்கள் இந்தத் தூரத்தில் 22 டிகிரிக்கு மேல் வெட்சூட் என்னும், உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் நீச்சலுடையை அணியக் கூடாது. இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தலைச்சூட்டைக் குறைக்க, தடித்த சிலிக்கான் தொப்பியை விட்டுவிட்டு மெல்லிய லேடெக்ஸ் தொப்பியை எடுத்து வைத்திருக்கிறேன்.

மாலையில் விதிகளை விளக்கும் கூட்டம் நடந்தது. சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுப்பதற்கு முன்பே ஹெல்மெட்டின் வாரைப் பூட்டியிருக்க வேண்டும், முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டியபடி காற்றுக்கு ஒதுங்கி மிதிக்கக் கூடாது என்பதெல்லாம் வழக்கமானவை. மருத்துவக் குழுவின் தலைவர் பேசியதைத்தான் நான் குறித்துக்கொண்டேன். ஈரக்குமிழ் அளவுக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் அளவுக்கு 20 சதவீதம், சாதாரண வெப்பமானிக்கு 10 சதவீதம் என்று எடை கொடுத்துக் கணக்கிடும் குறியீட்டை நாளை அரை மணிக்கு ஒரு முறை பார்க்கப் போவதாகவும், அது 32.2ஐத் தாண்டினால் ஓட்டத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்வதாகவும் அவர் சொன்னார். 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீரர்கள் விழுந்ததைத் தொடர்ந்து உருவான குறியீடு இது.

2016இல் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் நடந்த உலகத் தொடரின் கடைசிப் பந்தயத்தில், முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜானி பிரௌன்லீ, எல்லைக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது கால்கள் துவண்டு தள்ளாடினார். அண்ணன் அலிஸ்டர் அவரைத் தோளில் தாங்கிக் கோட்டைக் கடக்க வைத்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் டிரையத்லான் காலை 6.30 மணிக்கே தொடங்கியது. அப்படியிருந்தும், ஆண்கள் பிரிவில் தங்கம் வென்ற நார்வேயின் கிறிஸ்டியன் புளும்மன்ஃபெல்ட் கோட்டைத் தாண்டியதும் தரையில் சரிந்து வாந்தி எடுத்தார். இரண்டுமே கடலோர ஊர்கள். ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற உடல்களுக்கே இந்த நிலை என்றால், சாயங்காலம் விடைத்தாள் திருத்திவிட்டு நீச்சலுக்குப் போகிற நான் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

ஞாயிறு

பந்தயம் முடிந்து, குளித்து, மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து இதை எழுதுகிறேன்.

விடியற்காலை 3.30க்கு எழுந்து இரண்டு இட்லியும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். தொடங்குவதற்கு அரை மணி முன்னால், பெரியம்மா முதல் நாள் இரவே துணியில் சுற்றி இடித்துப் பிளாஸ்கில் போட்டுக் கொடுத்திருந்த பனித்தூளை ஓஆர்எஸ் கரைசலில் கலந்து, கூழ் பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினேன். பனி உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்பதால், வெறும் குளிர்ந்த நீரைவிட இது உள்ளே நன்றாகக் குளிர்விக்கிறது.

சரியாக 6 மணிக்கு ஊதல் ஒலித்தது. சூரியன் கடலுக்கு மேல் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. கிழக்கு நோக்கி நீந்தும்போது மிதவையே தெரியாத அளவுக்குக் கண் கூசியது. உடையும் அலைகளுக்கு அடியில் மூழ்கி வெளியே வந்த பிறகு கடல் அமைதியாகத்தான் இருந்தது. மீனவ அண்ணன் சொன்னபடி தெற்கே குறிவைத்து நீந்தினேன். எனக்கு இடப்புறம் ஒரு கூட்டமே வடக்கே ஒதுங்கிப்போய், காவல் படகுக்காரர்கள் கைகாட்டித் திருப்பிவிட்டதைப் பார்த்தேன். 34 நிமிடத்தில் கரையேறினேன். அப்போதே முகம் கொதித்தது.

சைக்கிள் பாதை கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவது. திருவிடந்தை, வடநெம்மேலி முதலைப் பண்ணை, நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், பட்டிபுலம், சாளுவன்குப்பம் என்று ஊர்கள் வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. போகும்போது தெற்கிலிருந்து லேசான எதிர்க்காற்று. மிதிப்பது சிரமமாக இருந்தாலும், அந்தக் காற்று கைகளிலும் கழுத்திலும் பட்டு வியர்வையை உலர்த்தியதால் உடம்பு சுகமாக இருந்தது. மாமல்லபுரத்தில் திரும்பியதும் எல்லாம் மாறிவிட்டது. காற்று இப்போது முதுகுக்குப் பின்னால். வேகமானி முன்பைவிட அதிகம் காட்டியது, ஆனால் நானும் காற்றும் ஒரே திசையில் போனதால் என்மேல் படும் காற்று குறைந்துவிட்டது. சில நிமிடங்களிலேயே புருவத்தைத் தாண்டி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கைப்பிடியில் சுற்றிய நாடா ஊறிப்போய் விரல்கள் வழுக்கின. கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு, நான் கூடுதலாக மிதிக்காமலே ஏறிக்கொண்டு போனது. சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்குத் திருப்பிவிடப்படும்போது, கால்களுக்கும் அனுப்பியாக வேண்டும் என்று இதயம் கூடுதலாக அடித்துக்கொள்கிறது. பின்காற்று தந்த வேகத்தில் மயங்காமல், துடிப்பு 150க்குக் கீழே இருக்கும்படி மட்டும் மிதித்தேன். பலர் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு புட்டி ஓஆர்எஸ் வயிற்றுக்கு, ஒரு புட்டி வெறும் தண்ணீர் தலைக்கும் தொடைக்கும் என்று பிரித்து வைத்திருந்தேன். 40 கிலோமீட்டரை 1 மணி 24 நிமிடத்தில் முடித்தேன்.

ஓட்டம் தொடங்கியபோது மணி 8ஐத் தாண்டியிருந்தது. கடற்கரைக்கும் பெரிய சாலைக்கும் இடையே நான்கு சுற்று. கடல்காற்று இன்னும் எழவில்லை. மீன் ஏற்றும் வண்டிகள் நிற்கும் இடத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. கோவையில் 10 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடுவேன். இங்கே ஆறரைக்கு ஓட வேண்டும் என்று வெள்ளிக்கிழமையே முடிவு செய்திருந்ததால், கால்கள் கேட்ட வேகத்தை நான் கொடுக்கவில்லை. தண்ணீர் மேசைகளில் மட்டும் நடந்தேன். தன்னார்வலராக நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி, "அக்கா, தொப்பியக் கழட்டுங்க" என்று சொல்லி, அதற்குள் பனிக்கட்டியை ஒரு கை அள்ளிப் போட்டு என் தலையில் கவிழ்த்தாள். அது உருகி முதுகில் வழிந்து முடியும் வரை அடுத்த மேசை தூரமாகத் தெரியவில்லை.

மூன்றாவது சுற்றில் எனக்கு முன்னால் ஓடிய இளைஞர் ஒருவர் சாலையின் குறுக்கே கோணலாகப் போகத் தொடங்கினார். என்னை வெகு வேகத்தில் தாண்டிப் போனவர்களில் அவரும் ஒருவர். அருகில் போய் "தம்பி, எந்தச் சுற்றுல இருக்கீங்க?" என்று கேட்டேன். "வீட்டுக்குப் போகணும்" என்றார். இரண்டு முறை கேட்டும் அதே பதில்தான். உடம்பெல்லாம் வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது, தொட்டால் நெருப்பாகச் சுட்டது. வியர்வை நின்றுபோனால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். கடும் உழைப்பினால் வருவதில் வியர்வை கடைசி வரை வழிந்துகொண்டிருக்கலாம். பேச்சும் நடையும் குழம்புவதுதான் கவனிக்க வேண்டிய அறிகுறி. நானும் ஒரு தன்னார்வலரும் இருபுறமும் தாங்கிப் பிடித்து அவரை மருத்துவக் கூடாரத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே குழந்தைகள் விளையாடும் பெரிய காற்றுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மீன்பிடித் துறையிலிருந்து வாங்கிய ஐஸ் பார்களை உடைத்துப் போட்டு வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நின்றிருந்தும் அவரை அதில் ஏற்றவில்லை. முதலில் கழுத்துவரை அந்தத் தொட்டியில் இறக்கினார்கள். உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளை குழம்பும் நிலையில், வண்டியில் போகும் அரை மணி நேரம்கூட உறுப்புகளைக் கெடுத்துவிடும். அதனால் முதலில் குளிர்விப்பது, பிறகு மருத்துவமனை என்பதுதான் மருத்துவ முறை. நான் கிளம்பும்போது மருத்துவர் அவருடைய கையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தபடி அவர் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு என் நேரத்தைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. கடைசிச் சுற்றை ஓடி முடித்தேன். மொத்தம் 3 மணி 7 நிமிடம். அந்தக் கூடாரத்துக்குத் திரும்பிப் போனபோது, அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, தன் அம்மாவிடம் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

திங்கள்

காலையில் கால் தசைகள் வலித்தன, வேறு தொல்லை இல்லை. நேற்று பந்தயத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்ததில் 1.9 கிலோ குறைந்திருந்தது. அதாவது உடல் எடையில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். 2.4 லிட்டர் குடித்தும் இவ்வளவு இழப்பு. நேற்று மாலைக்குள் ரசமும் இளநீரும் நொங்குமாகப் பெரியம்மா அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

மருத்துவக் கூடாரத்தில் கேட்டபோது, அந்தத் தொட்டி யாருக்கும் தேவைப்படாமலே போகும் பந்தயங்கள்தான் அதிகம் என்றும், பல இடங்களில் செலவைக் காரணம் காட்டி அதை வைப்பதே இல்லை என்றும் சொன்னார்கள். அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஒரு காற்றுத் தொட்டி, சில ஐஸ் பார்கள், அதை எப்போது பயன்படுத்துவது என்று தெரிந்த ஒரு மருத்துவர் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, வந்தவர்கள் அனைவருக்கும் அச்சிட்டுக் கொடுத்த பனியன்களின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. கோவையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் சிறிய அளவில் ஓர் ஓட்டப்பந்தயம் நடத்துகிறோம். அதில் இதுவரை முதலுதவிப் பெட்டியும் ஆம்புலன்ஸும் மட்டுமே இருக்கும். இன்று மதியம் நண்பர்களுக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதி, அடுத்த முறை தொட்டி கட்டாயம், பனியன் வேண்டுமானால் விருப்பமுள்ளவர்கள் தனியாகப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்று கேட்டிருக்கிறேன். இருவர் சம்மதித்துப் பதில் எழுதிவிட்டார்கள். மூன்றாமவர், கோவையில் மீன்பிடித் துறை இல்லாததால் ஐஸ் பார் எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறார். உக்கடம் மீன் மார்க்கெட்டில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.